மக்கள் பிரதிநிதிக்கு மிரட்டல், குடியேறிகள்மீது வெறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி உறுப்பினர்கள், மேயர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அவர்களுடைய அலுவலக ஊழியர்கள், குடியேறிகளோடு வேலை செய்யும் அமைப்புகள், அக்கம்பக்கத்தார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மிரட்டல் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் மாறுவதில்லை. உயிருக்கு இந்த நிமிடமே ஆபத்து என்றால் இதைப் படிக்க வேண்டாம். உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள்.

அரசியல்வாதிகளுக்கு வரும் மிரட்டலும் குடியேறி எதிர்ப்பும் வேறு வேறு பிரச்சினைகள்தானே? ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

ஒரு சம்பவத்தைப் பார்த்தால் விளங்கும். 2015 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் காசெல் நகருக்குப் பக்கத்தில் லோஃபெல்டன் என்ற ஊரில் ஒரு பொதுக்கூட்டம். அங்கே அகதிகளுக்குத் தங்குமிடம் அமைப்பது பற்றி விளக்க, அந்த வட்டாரத்தின் நிர்வாகத் தலைவர் வால்டர் லூப்கே வந்திருந்தார். பழமைவாதக் கட்சிக்காரர்தான். கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த நாடு சில விழுமியங்களின்மேல் நிற்கிறது, அவை பிடிக்காதவர்களுக்கு நாட்டைவிட்டுப் போகச் சுதந்திரம் உண்டு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தச் சில நொடிகளை மட்டும் இணையத்தில் ஏற்றினார்கள். முன்னும் பின்னும் இல்லாத அந்தத் துண்டு, சொந்த மக்களையே அவர் வெளியேறச் சொன்னதுபோலச் சுற்றியது. கொலை மிரட்டல்கள் குவிந்தன.

பிறகு அடங்கியது. 2019 தொடக்கத்தில் அதே துண்டை மறுபடி கிளப்பினார்கள். அந்த ஆண்டு ஜூன் 1 இரவு, தம் வீட்டு முற்றத்தில் இருந்த லூப்கேயைத் தீவிர வலதுசாரி ஒருவர் தலையில் சுட்டுக் கொன்றார். 2015 கூட்டத்தில் அந்தக் கொலையாளியும் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கும் தோட்டாவுக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

இது ஒன்று மட்டுமல்ல. கொலோன் நகரில் அகதிகள் நலனுக்குப் பொறுப்பாக இருந்த ஹென்ரியெட்டே ரேக்கரை, மேயர் தேர்தலுக்கு முந்தைய நாளான 2015 அக்டோபர் 17 அன்று கழுத்தில் குத்தினார்கள். பிழைத்தார், மறுநாள் வென்றார். பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் 2016 ஜூன் 16 அன்று தீவிர வலதுசாரி ஒருவரால் கொல்லப்பட்டார். நார்வேயின் உட்டோயா தீவில் 2011 ஜூலை 22 அன்று கொல்லப்பட்ட 69 பேர் ஆளும் கட்சியின் இளைஞர் முகாமில் இருந்தவர்கள். குடியேறிகளை உள்ளே விட்ட துரோகிகள் என்று அவர்களை அந்தக் கொலைகாரர் பார்த்தார். குடியேறியை எதிரியாகவும், அவருக்கு இடம் கொடுத்தவரைத் துரோகியாகவும் காட்டுவதுதான் இந்தச் சித்தாந்தம். இரண்டு குறிகளுக்கும் ஊற்று ஒன்றே.

மிரட்டுகிறவர்கள் நிஜமாகவே கொல்லத்தான் நினைக்கிறார்களா?

பெரும்பாலோர் இல்லை. விலக வைக்கவும் வாயை மூட வைக்கவும்தான் மிரட்டல். அது கத்தி இல்லாமலே பல இடங்களில் பலித்திருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் ட்ரோக்லிட்ஸ் என்ற சிற்றூர். நாற்பது அகதிகளைக் குடியமர்த்தும் திட்டத்தை ஆதரித்த கௌரவ மேயர் மார்க்குஸ் நீர்ட்டின் வீட்டு வாசலுக்கே ஊர்வலம் விடத் தீவிர வலதுசாரிகள் திட்டமிட்டார்கள். வீட்டில் குழந்தைகள். ஊர்வலத்தை வீட்டு வாசலிலிருந்து விலக்கிவைக்க நிர்வாகம் முன்வரவில்லை. 2015 மார்ச்சில் அவர் பதவி விலகினார். ஏப்ரல் 4 அன்று அகதிகளுக்கென்று தயாராகிக்கொண்டிருந்த கட்டடம் எரிந்தது. பிரான்சில் சென்-ப்ரெவின் மேயர் யானிக் மொரெஸின் வீட்டுக்கு 2023 மார்ச்சில் தீ வைத்தார்கள். புகலிடம் கோருவோருக்கான மையம்தான் காரணம். அரசு துணை நிற்கவில்லை என்று சொல்லி மே மாதம் விலகினார். நெதர்லாந்தில் கட்சித் தலைவர் சிக்ரித் காக்கின் வீட்டு முன் 2022 ஜனவரியில் ஒருவர் எரியும் தீப்பந்தத்தோடு வந்து நின்றார். 2023-இல் காக் அரசியலிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தபோது, குடும்பம் பட்ட பாட்டையே காரணமாகச் சொன்னார்.

இரண்டு மேயர்களும் விழுந்தது மிரட்டலின் பலத்தால் மட்டுமல்ல, தனியாக விடப்பட்டதால். எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே அடிப்படைதான்: மிரட்டப்பட்டவர் ஒரு மணி நேரம்கூடத் தனியாக நிற்கக் கூடாது.

கடும் விமர்சனம் எங்கே முடிகிறது, மிரட்டல் எங்கே தொடங்குகிறது?

"உங்களைப்போல ஒரு கேடுகெட்ட உறுப்பினரைப் பார்த்ததில்லை, அடுத்த தேர்தலில் தோற்கடிப்போம்" என்பது விமர்சனம். வலிக்கும், ஆனால் சொல்ல உரிமை உண்டு. "உன் பெண் எந்த வாசல் வழியாகப் பள்ளிக்குப் போகிறாள் என்று தெரியும்" என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை; ஆனால் அது மிரட்டல். அடையாளம் வசைச்சொல்லில் இல்லை. உடலுக்கோ, குடும்பத்துக்கோ, சொத்துக்கோ தீங்கு வரும் என்று உணர்த்துகிறதா என்று பாருங்கள்.

வசையையும் மிரட்டலையும் ஒரே மூட்டையில் கட்டிக் காவல்துறையிடம் கொடுப்பது பெரிய தவறு. முந்நூறு திட்டுகளுக்கு நடுவே மூன்று மிரட்டல்கள் இருந்தால், படிக்கும் அதிகாரி ஐம்பதாவதில் சோர்ந்துவிடுவார். மூன்றையும் தனியே எடுத்து மேலே வையுங்கள். மீதியைப் பின்னிணைப்பாகக் கொடுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

பதில் எழுதாதீர்கள், அழிக்காதீர்கள், உடனே பிளாக்கும் செய்யாதீர்கள். பிளாக் செய்தால் சில தளங்களில் அந்தக் கணக்கின் பழைய பதிவுகள் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். முதலில் பதிவு, பிறகு பிளாக்.

ஸ்கிரீன்ஷாட்டில் செய்தி மட்டும் போதாது. அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், இணைய முகவரி எல்லாம் தெரிய வேண்டும். முடிந்தால் கணினியில் திறந்து முகவரிப் பட்டையோடு சேர்த்து எடுங்கள். பிறகு அந்தக் கணக்கின் முகப்புப் பக்கத்தைத் தனியாக ஒரு படம். பெயரை நொடியில் மாற்றிவிடலாம். அதனால் பதிவின் லிங்க்கையும் கணக்கின் லிங்க்கையும் எழுத்தாகவே காப்பி செய்து வையுங்கள். தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனால் படம் எடுங்கள்.

மின்னஞ்சலைப் பிறருக்கு ஃபார்வர்டு செய்வதோடு நின்றுவிடாதீர்கள். எந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் ஃபார்வர்டில் தொலைந்துபோகும். மூல அஞ்சலைக் கோப்பாகச் சேமித்து, அப்படியே கொடுங்கள். குரல் அஞ்சல் தானே அழிந்துவிடக்கூடும், அன்றே பதிவிறக்குங்கள். தொலைபேசியில் நேரடியாக மிரட்டினால் வாதாட வேண்டாம். குரல், பேச்சுவழக்கு, பின்னணிச் சத்தம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அழைப்பு முடிந்த கையோடு எழுதுங்கள். அரை மணி நேரம் கழித்து எழுதினால் நினைவு தானே வாக்கியத்தைத் திருத்திவிடும்.

கடிதம் என்றால் ஓரத்தைப் பிடித்து, உறையோடு சேர்த்து ஒரு காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடலாம். தொட்டவர்கள் பெயரைக் கவரின் மேல் எழுதுங்கள். உள்ளிருந்து பொடி ஏதும் கொட்டினால் அப்படியே வைத்துவிட்டு, விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, அறையை மூடி வெளியே வந்து, கை கழுவி, அவசர எண்ணை அழையுங்கள். ஊதவோ முகரவோ கூடாது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது ஒரு எக்ஸெல் தாள் போதும். ஒரு வரி இப்படி இருக்கும்: "மார்ச் 12, இரவு 9.42. தனிச்செய்தி. கணக்கின் லிங்க். 'சனிக்கிழமை சந்தையில் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறார். இதே கணக்கிலிருந்து நான்காவது முறை. படம் எண் 31. காவல் நிலையத்தில் சொன்னது மார்ச் 13 காலை, புகார் எண், பேசிய அதிகாரி." ஆறு மாதம் கழித்து வழக்குக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு வரிதான்.

புகார் கொடுத்தால் "இணையத்தில் யாரோ எழுதியது, விட்டுவிடுங்கள்" என்கிறார்களே?

அடிக்கடி நடக்கிறது. எழுத்தில் கொடுங்கள், புகார் எண் இல்லாமல் திரும்பாதீர்கள். "மிரட்டுகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எது நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள், ஏன் இப்போது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். "இந்த மாதம் நான்கு செய்தி, கடைசிச் செய்தியில் நாளும் இடமும் சொல்லியிருக்கிறார், அந்த நாளில் அங்கே எனக்கு நிகழ்ச்சி இருக்கிறது" என்றால் அதிகாரியால் ஒதுக்க முடியாது. பல நாடுகளில் மக்கள் பிரதிநிதிகளின் பாதுகாப்புக்கென்று காவல்துறையில் தனித் தொடர்பு அதிகாரி இருக்கிறார். அவர் பெயரையும் எண்ணையும் மிரட்டல் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். ஜெர்மனியில் அரசியல்வாதிகளை அவதூறிலிருந்து காக்கும் சட்டப்பிரிவு உள்ளூர் உறுப்பினர்களுக்கும் பொருந்தும் என்று 2021-இல் தெளிவாக்கினார்கள். உங்கள் சட்டத்தில் அப்படி ஏதும் உண்டா என்று ஒரு வழக்குரைஞரிடம் கேளுங்கள்.

குடியேறிகளுக்கு இன்னொரு கசப்பும் உண்டு. ஜெர்மனியில் 2000 முதல் 2007 வரை நவநாஜிக் குழு ஒன்று பத்துப் பேரைக் கொன்றது. அவர்களில் எட்டுப் பேர் துருக்கிய வேர் கொண்டவர்கள், ஒருவர் கிரேக்கர், ஒருவர் காவலர். 2011-இல் உண்மை வெளிவரும்வரை, கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையே குற்றக் கும்பலோடு முடிச்சுப் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இனவெறுப்பு நோக்கம் இருப்பதாக நீங்கள் நினைத்தால் அதை முதல் புகாரிலேயே எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

நூறு மிரட்டலில் எது நிஜமானது என்று எப்படித் தெரியும்?

உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வழிகாட்ட ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. 1949 முதல் அமெரிக்காவில் பிரபலங்களைத் தாக்கிய, அல்லது தாக்கும் நோக்கோடு நெருங்கிய 83 பேரை, அந்நாட்டு அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தது. தாங்கள் குறிவைத்தவரிடமோ காவல்துறையிடமோ நேரடியாக மிரட்டல் விடுத்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அவர்களில் பலர், மனதில் இருந்ததைக் குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ கசியவிட்டிருந்தார்கள்.

இதன் பொருள் பெரியது. சத்தமாக மிரட்டுபவர் எல்லாரும் வருவதில்லை. வருபவர் பலர் முன்கூட்டி மிரட்டுவதில்லை. அப்படியானால் ஆபத்தை முதலில் கேட்கும் காது அரசியல்வாதியுடையது அல்ல, தாக்கப்போகிறவரின் வீட்டிலும் வேலையிடத்திலும் இருப்பவர்களுடையது. "அவன் சும்மா பேசுவான்" என்று அவர்கள் விடும் இடத்தில்தான் உயிர் போகிறது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் சில. கோபம் கொள்கையிலிருந்து நகர்ந்து ஒரே ஆளின்மேல் குவிவது. பொது வசை போய் இடம், நேரம், வண்டி எண், பள்ளி என்று விவரம் சேர்வது. "இனிப் பேசிப் பயனில்லை", "வேறு வழி இல்லை" என்ற தொனி. ஆயுதம் தேடுவது, பழைய கொலையாளிகளைப் போற்றுவது, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்து விடைபெறுவதுபோல நடப்பது. திரையிலிருந்து இறங்கி நேரில் வந்து நோட்டம் பார்ப்பது. நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்குவதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அன்றே சொல்லுங்கள்.

வீட்டு முகவரி வெளியாகிவிட்டது. இனி என்ன?

வெளியானதை முழுதும் அழிக்க முடியாது, பரவலைக் குறைக்கலாம். பதிவை நீக்கக் கேளுங்கள். தனிநபர் முகவரி வெளியிடுவது பெரும்பாலான தளங்களின் விதிப்படி தவறு. "வெறுப்பு" என்ற பிரிவில் புகார் செய்வதைவிட "தனிப்பட்ட தகவல்" என்ற பிரிவில் செய்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். தேடுபொறியிலும் தனியாக நீக்கக் கோரிக்கை உண்டு. வாக்காளர் பட்டியல், நிறுவனப் பதிவேடு, பழைய வேட்புமனு ஆகியவற்றில் முகவரி இருந்தால் மறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பக்கத்து வீடுகள் இரண்டு மூன்றுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. வாசலில் நிற்கும் புதிய வண்டியைப் பகல் முழுக்கப் பார்க்கும் கண்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. வாசல் விளக்கு, கதவில் துவாரக்கண், தரைத்தளச் சன்னலுக்குத் தாழ்ப்பாள், படுக்கையறையில் சார்ஜ் ஏற்றிய போன், பள்ளியில் குழந்தையை யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல். இவ்வளவுதான் முதல் வாரத்து வேலை. கேமரா வாங்கினால் நுழைபவரின் முகம் தெரியும் உயரத்தில் வையுங்கள். கூரையோரம் வைத்தால் தொப்பிதான் பதிவாகும்.

பொதுமக்கள் சந்திப்பை நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் மிரட்டியவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் ஏற்பாடு இல்லாமல் நடத்துவதும் தவறு. ஜோ காக்ஸ், பேர்ஸ்டல் என்ற ஊரின் நூலகத்தில் மக்களைச் சந்திக்க வந்தபோது வாசலில் தாக்கப்பட்டார். 2021 அக்டோபர் 15 அன்று தேவாலயம் ஒன்றில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமெஸைக் கொன்றவர், குடியேறி எதிர்ப்பாளர் அல்ல, இஸ்லாமிய அரசு அமைப்பின் ஆதரவாளர். அவர் முறைப்படி முன்பதிவு செய்துதான் வந்தார். ஆக, முன்பதிவு மட்டும் காப்பாற்றாது. பதிவு செய்பவரின் பெயர், முகவரி, பிரச்சினை மூன்றையும் வாங்கி, தொகுதிக்காரரா என்று முன்கூட்டியே சரிபாருங்கள்.

இரண்டு வாசல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். உறுப்பினர் உட்காரும் நாற்காலி உள்வாசலுக்குப் பக்கத்தில். வருபவருடைய நாற்காலி மேசைக்கு அந்தப் பக்கம். வெளியேறும் வழியை மறித்து யாரும் உட்காரக் கூடாது. அறையில் எப்போதும் இரண்டு பேர், வரவேற்பில் ஒருவர். மேசைமேல் கத்தரிக்கோல், கனமான கண்ணாடிப் பொருள் எதுவும் வேண்டாம். அவசரத்துக்கு ஒரு சாதாரண வாக்கியத்தை எல்லாரும் பேசி வையுங்கள். "அந்தப் பச்சைக் கோப்பை எடுத்துவாருங்கள்" என்றால் உடனே போலீசை அழைக்க வேண்டும் என்று பொருள். அலுவலகத்தில் பச்சைக் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. இடத்தைப் பொதுவில் அறிவிக்காமல், பதிவு செய்தவருக்கு முந்தைய நாள் மாலை சொன்னால் போதும்.

தாக்குதல் வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நடக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே அத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு உறுப்பினரைத் தனியாக இருட்டில் வண்டிக்கு நடக்கவிடுகிறார்கள்.

அலுவலக ஊழியர்கள் நிலை?

மிரட்டலை முதலில் திறந்து படிப்பவர் அவர்கள்தான், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். ஒரே ஆள் நாள்தோறும் படிக்கக் கூடாது; வாரம் மாற்றுங்கள். படிப்பவர் காலையில் படிக்கட்டும், வீட்டுக்குப் போகும் கடைசி வேலையாக வேண்டாம். 2000 ஜனவரியில் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினரைக் காக்க முயன்று வாள்வெட்டில் இறந்தவர் அவருடைய உதவியாளர் ஆண்ட்ரூ பென்னிங்டன். பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் பெயர் மட்டும் இருந்தால் அது அரைத் திட்டம்.

பெண் உறுப்பினர்களுக்கு வருவது வேறு மாதிரியா?

ஆம். நாடாளுமன்றங்களின் உலக ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் கேட்டபோது, 44.4 விழுக்காட்டினர் தமக்குக் கொலை, வன்புணர்வு, அடி, கடத்தல் என்று ஏதாவதொரு மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். குடியேறிய குடும்பத்துப் பெண் என்றால் பாலினமும் பிறப்பிடமும் சேர்ந்து வரும். புகாரில் இரண்டையும் குறிப்பிடுங்கள். "அரசியல் என்றால் இப்படித்தான்" என்று அவர்களிடம் சொல்பவர், தெரியாமலே மிரட்டியவரின் வேலையைச் செய்கிறார்.

குடியேற்றத்தை எதிர்ப்பவர் எல்லாரும் தீவிரவாதியா?

இல்லை. எத்தனை பேரை அனுமதிப்பது, வீட்டு வாடகை, பள்ளியில் இடம் என்பதெல்லாம் எந்தச் சமூகத்திலும் பேச வேண்டியவை. அப்படிக் கேட்பவரை வெறியர் என்று முத்திரை குத்தினால், அவரை அன்போடு வரவேற்க வேறு கூட்டம் காத்திருக்கிறது. எல்லை வேறு இடத்தில் இருக்கிறது: மனிதர்களைப் படையெடுப்பு, கிருமி, வெள்ளம் என்று பேசுவது, ஒருவர் செய்த குற்றத்தை ஓர் இனத்தின் தலையில் கட்டுவது, "நம்மை அகற்றிவிட்டு அவர்களைக் குடியமர்த்த மேலே இருப்பவர்கள் சதி செய்கிறார்கள்" என்பது. இந்தக் கடைசிக் கதைதான் மிகக் கொடியது. சதி என்று நம்பிவிட்டால் வாக்குச்சீட்டு பயனற்றதாகத் தெரியும். துப்பாக்கி தற்காப்பாகத் தெரியும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவரும், அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் எல் பாசோவில் 23 பேரைக் கொன்றவரும் இதையே எழுதி வைத்தார்கள்.

ஒரு குற்றம் நடக்கிறது, "செய்தது அகதி" என்று வதந்தி பறக்கிறது. என்ன செய்வது?

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். சில மணி நேரத்திலேயே, படகில் வந்த புகலிடக் கோரிக்கையாளர்தான் கொலையாளி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவியது. கைதானவர் கார்டிஃபில் பிறந்தவர். மறுநாள் மாலையே சவுத்போர்ட் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். ஆகஸ்ட் 4 அன்று ராதரம் அருகே புகலிடம் கோருவோர் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைத்தார்கள். உண்மைத் தகவல் வருவதற்குள் பொய் ஊரைச் சுற்றிவிட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் வேலை. பொய்ப் பதிவை "பாருங்கள் அநியாயத்தை" என்று பகிராதீர்கள். கண்டிப்பதற்காகப் பகிர்ந்தாலும் பரப்பியதாகத்தான் முடியும். முதல் வரியில் தெரிந்த உண்மை, இரண்டாவதில் "பரவும் பெயர் தவறு" என்ற ஒரே வாக்கியம், மூன்றாவதில் மறுபடி உண்மையும் அது எங்கிருந்து வந்தது என்பதும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொது அறிவுரை எடுபடாது, அனுப்பியவரைத் தனியே அழைத்து, "அண்ணா, இதை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவரே நீக்கிவிட்டால் அவருக்கும் மரியாதை மிஞ்சும். இறந்தவருக்கான துக்கத்தை முதலில் பேசாமல் நேரே வதந்தி மறுப்புக்குப் போவதும் தவறு. துக்கத்தில் இருக்கும் ஊருக்கு அது கல்நெஞ்சமாகத் தெரியும்.

அகதிகள் விடுதி முன்னால் கூட்டம் கூடப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. எதிராகக் கூடலாமா?

கூடலாம். முதலில் உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்காக என்று சொல்லிவிட்டு அவர்கள் சன்னலுக்கு வெளியே இரண்டு கூட்டங்கள் கத்தினால் உள்ளே இருக்கும் குழந்தைக்கு எது ஆதரவு, எது வெறுப்பு என்று தெரியாது. அவர்கள் மொழியில் ஒரு துண்டுக் காகிதம் உள்ளே போகட்டும்: எத்தனை மணிக்கு, யார், எந்தக் கதவைப் பயன்படுத்த வேண்டாம், யாரை அழைப்பது.

காவல்துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஐம்பது பேருக்கு ஒரு தொண்டர் வீதம் அடையாள மேற்சட்டையோடு நிறுத்துங்கள். வழக்குரைஞர் எண்ணைக் கையில் அழியாத மையால் எழுதிக்கொள்ளுங்கள். போன் பிடுங்கப்பட்டாலும் கை இருக்கும். எதிர்த்தரப்போடு பேச்சு வேண்டாம், முகமூடி வேண்டாம். கலைந்து போகும்போது நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். வருகையை எல்லாரும் திட்டமிடுகிறார்கள், திரும்பிப் போவதைத் திட்டமிடாததால் தனியாகச் சிக்குகிறார்கள்.

எண்ணிக்கை பேசும். 2024 ஆகஸ்ட் 7 அன்று மேலும் பல ஊர்களில் கலவரம் வரும் என்று எதிர்பார்த்தபோது, லண்டனின் வால்தம்ஸ்டோ போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானோர் தெருவை நிறைத்தார்கள். கலவரக்காரர்கள் பெரும்பாலும் வரவே இல்லை. எண்ணிக்கை இல்லாத சிற்றூருக்கு வுன்ஸீடல் ஒரு வழி காட்டியது. ஆண்டுதோறும் நவநாஜிகள் ஊர்வலம் வந்துகொண்டிருந்த அந்த ஜெர்மானிய ஊரில், 2014 நவம்பரில் அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து யூரோ நன்கொடை என்று ஊரார் அறிவித்தார்கள். தீவிர வலதுசாரிக் கூட்டத்திலிருந்து வெளியே வர உதவும் அமைப்புக்கு அந்தப் பணம். ஊர்வலம் நடக்க நடக்க, பத்தாயிரம் யூரோ சேர்ந்தது.

பேருந்தில் ஒருவரைத் "திரும்பிப் போ" என்று திட்டுகிறார்கள். நான் தனியாக இருக்கிறேன்.

திட்டுபவரோடு மோத வேண்டியதில்லை. திட்டப்படுபவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தெரிந்தவர்போல வேறு ஏதாவது பேசுங்கள்: "இந்த வண்டி ரயில் நிலையம் போகுமா?" திட்டுபவருக்குத் தீனி நின்றுவிடும். ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ சொல்லுங்கள். வேறு யாராவது உதவிக்கொண்டிருந்தால் மட்டும் படம் எடுங்கள். அதை நீங்களே இணையத்தில் போடாமல், பாதிக்கப்பட்டவரிடம் கொடுத்து முடிவை அவருக்கே விடுங்கள். இறங்கும்போது, "கூட வரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் வீட்டுப் பையனே அந்தக் குழுக்களில் இருப்பதாகத் தெரிகிறது.

போனைப் பிடுங்குவது, வீட்டைவிட்டுத் துரத்துவது இரண்டும் அவனை அந்தக் குழுவுக்கே முழுதாகக் கொடுத்துவிடும். அங்கே அவனுக்குக் கிடைப்பது சித்தாந்தம் மட்டுமல்ல. தோழமை, ஒரு பெயர், நள்ளிரவில் பதில் சொல்லும் ஆட்கள். வாதத்தில் வெல்ல முயலாமல் கேள்வி கேளுங்கள். "அங்கே யாராவது மறுத்துப் பேசினால் என்ன ஆகும்?" என்பது நல்ல கேள்வி. பதிலை அவனே யோசிப்பான். கூடச் சாப்பிடுவதையும் விளையாட்டையும் நிறுத்தாதீர்கள்.

வெளியே வர உதவும் அமைப்புகள் நார்வேயில் 1997-இலும், ஸ்வீடனில் 1998-இலும், ஜெர்மனியில் 2000-இலும் தொடங்கின. ஜெர்மானிய அமைப்பைத் தொடங்கியவர்கள் ஒரு முன்னாள் காவல் அதிகாரியும் ஒரு முன்னாள் நவநாஜியும். பெற்றோரும் அவர்களை அழைக்கலாம். ஆனால் அவன் ஆயுதம், நாள், ஆள் என்று பேசினால் அது குடும்ப விஷயம் அல்ல. அன்றே காவல்துறையிடம் சொல்லுங்கள். அது அவனைக் காட்டிக்கொடுப்பது அல்ல. சிறையிலிருந்தோ சாவிலிருந்தோ அவனைத் தடுப்பது.

மிரட்டப்பட்டவர் நான் வெறுக்கும் கட்சிக்காரர். நான் ஏன் பேச வேண்டும்?

உங்கள் வார்த்தைக்குத்தான் அங்கே எடை. சொந்தக் கட்சியின் கண்டனம் எதிர்பார்த்தது. எதிர்க்கட்சியுடையது மிரட்டியவரின் கூட்டத்துக்குள்ளே கேட்கும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், நான்கு வரிக்குள், "ஆனால்" என்ற சொல் இல்லாமல் எழுதுங்கள். "அவருடைய கொள்கையை ஏற்கவில்லை, ஆனாலும்" என்று தொடங்கினால் பாதிப் பேர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லாக் கட்சியும் கையெழுத்திட்ட வரைவு ஒன்றைத் தேர்தலுக்கு முன்பே தயாராக வைத்தால், அன்று பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.

நானே குடியேறி, விசா இன்னும் உறுதியாகவில்லை. புகார் கொடுத்தால் எனக்கே சிக்கல் வருமா?

நாட்டைப் பொறுத்தது. அதனால் காவல் நிலையத்துக்கு முன், குடியேற்ற வழக்குரைஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ போங்கள். பல இடங்களில் வெறுப்புக் குற்றத்தை மூன்றாம் தரப்பு அமைப்பு வழியாகப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். நேரில் பார்த்த குடியுரிமைக்காரர் ஒருவர் சாட்சியாகப் புகார் கொடுப்பதும் செல்லும். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் படம், தேதி, நேரம், இடம் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதை அடுத்த வாரம் முடிவு செய்யலாம்.